புறப்பாடு மட்டும் தெரிந்த குரல்

"என் குரலுக்கு ஓடுற ரயிலே நிக்கும் மாப்ள. சிக்னல் வேண்டாம், கொடி வேண்டாம். நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பத்தொன்பது நாட்களுக்கு முன்னால், சாப்பாட்டு மேஜையில் தட்டுகள் அதிர அதிர இப்படிச் சொன்னார் வெண்கலம். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவர். வெண்கலக் குரல் என்று யாரோ ஆரம்பித்தார்கள். நாளடைவில் குரல் உதிர்ந்து, வெண்கலம் மட்டும் அவர் பெயராக நின்றுவிட்டது. அவர் குளியலறையில் தொண்டையைச் செருமினால் நான்கு வீடு தள்ளி அடுப்பில் பொங்க வந்த பால் பயந்து அடங்கிவிடும். பிளாட்பாரத்தில் அவர் "கவனிக்கவும்" என்றால் தூங்குகிற குழந்தைகள்கூட எழுந்து உட்கார்ந்து, கவனித்துவிட்டு, மறுபடி படுக்கும். இதில் பாதி பொய் என்று சொல்பவர்கள் அவர் குரலைப் பக்கத்தில் நின்று கேட்காதவர்கள்.

மேஜையில் அதை நம்பாத ஆள் ஒருவன்தான். வெண்கலத்தின் மனைவிக்குத் தம்பி. ஒலிப்பதிவு அறையில் குரலை வெட்டி ஒட்டுவது அவன் வேலை. அதனால் கத்திரி.

"நிக்கும் மாமா," என்றான் கத்திரி, சோற்றைப் பிசைந்துகொண்டே. "ஸ்டேஷன் வந்தா நிக்கும்."

அக்கா சிரித்தாள். அந்த வீட்டில் அவள் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் மேஜை இழுப்பறையில் ஒரு கடிதத்தின் நகல் அவள் கையில் கிடைத்ததையும், படித்து முடித்துவிட்டு அவள் கணவரிடம் பேச்சை நிறுத்தியதையும் போன வாரம் பார்த்தோம். நடுவழியில் வண்டி ஏறியவர்களுக்காக அந்தக் கடிதத்தைப் பற்றி நான்கு வரி.

பதினேழு வருஷமாக அந்த நிலையத்தில் இரண்டு குரல்கள். வருகிற வண்டிகள் அக்காவுக்கு, போகிற வண்டிகள் வெண்கலத்துக்கு. அவள் அழைப்பாள், அவர் அனுப்புவார். அப்புறம் புது இயந்திரம் வந்தது. நாற்பத்தோரு நிலையங்களுக்கும் ஒரே இயந்திரம் பேசும்; அதற்கு இரண்டு பேர் குரலும் வேண்டும் என்று தலைமை அலுவலகம் கேட்டது. நாற்பத்தோரு நிலையம் என்றதும் வெண்கலத்துக்குத் தலை கால் புரியவில்லை. யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து எழுதினார்: 'என் மனைவியின் குரலில் வயது தெரிகிறது. வருகையையும் நானே சொல்கிறேன். அவருடைய பழைய பதிவுகளை அழித்துவிடலாம்.'

அழித்த கை கத்திரியுடையது. உத்தரவு வந்தது, அழித்தான். உத்தரவுக்குப் பின்னால் மாமாவின் கடிதம் இருந்தது அவனுக்கு அப்போது தெரியாது.

ஆசைப்பட்ட பாதிதான் வெண்கலத்தைக் கவிழ்த்தது. ஒரு வண்டி போவதைச் சொல்லக் குரல் கடைசியில் கீழே இறங்கினால் போதும். வருவதைச் சொல்ல, கடைசியில் ஒரு நூலிழை மேலே தூக்க வேண்டும், உள்ளே இருப்பவர் கதவைத் திறந்துவிடுவதுபோல. அக்காவுக்கு அது மூச்சு விடுவதைப் போல வரும். வெண்கலமோ 'வருகிறது' என்ற ஒரு சொல்லை அறுநூற்றுப் பதின்மூன்று தடவை சொன்னார். அறுநூற்றுப் பதின்மூன்றும் யாரையோ வழியனுப்புவதுபோலவே விழுந்தன.

தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாரம் இப்படி இழுத்தீங்கன்னா, அப்புறம் எல்லாத்தையும் எழுதித்தான் காட்டணும்," என்றார்.

கத்திரி அன்றே சொன்னான். "மாமா, அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டு அவளையே கூப்பிட்டு வாங்க. அந்தப் பாதி அவளோடது."

"ரெண்டு பேர் பேசினா அதுக்குப் பேரு குரல் இல்ல மாப்ள, பேச்சுவார்த்தை. அப்புறம் இன்னொண்ணு. நான் கெஞ்சி எவனாவது பார்த்திருக்கானா?"

பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை கடைசித் துண்டு பதிவானது. மைக்குக்கு முன்னாலிருந்து எழுந்த வெண்கலம் "முடிஞ்சுது" என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுகூட வரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கத்திரி, சத்தத்தின் அளவு காட்டும் முள் அசையாமல் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இன்று அந்த இயந்திரத்துக்குத் திறப்பு விழா.

*

குடியிருப்பு நிலையத்தை ஒட்டியது. சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, கம்பத்தில் ஒரு ஒலிபெருக்கி.

காலை ஆறரைக்குக் கத்திரி உள்ளே வந்தபோது வெண்கலம் வெந்நீர்க் கோப்பையோடு மேஜையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன வெள்ளைப் பலகை, சட்டைப் பையில் மார்க்கர். எழுத்துகளையும் அவர் சத்தமாகத்தான் எழுதினார். ஒரு வார்த்தைக்குப் பலகை முழுவதும் தேவைப்பட்டது.

கூடத்தில் அக்காவின் பெட்டி நின்றது.

கத்திரி பெட்டியைப் பார்த்ததை அவர் பார்த்தார். 'போக மாட்டா' என்று எழுதினார். அழித்தார். 'விழாவுக்கு இருப்பா' என்று எழுதினார்.

பதினொன்று நாற்பது வண்டிக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தவன் கத்திரி. தூரத்து ஊரில், பார்வை இல்லாத பிள்ளைகளின் பள்ளியில், பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற வேலை அக்காவுக்குக் கிடைத்திருந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று அவன் யோசிக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது.

"அனைவரும் கவனிக்கவும்."

சோதனை ஓட்டம். மாமாவின் குரல், முன்னைவிடக் கம்பீரமாக, ஈயம் பூசிய மாதிரி பளபளவென்று. மாமா வாயை மூடியபடி எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

"இது ஒரு சோதனை அறிவிப்பு."

அப்போதுதான் பார்த்தான். மாமாவின் குரல்வளை ஏறி இறங்கியது. உதடு அசையவில்லை. குரல்வளை மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏறியது, இறங்கியது. அதுவும் ஒலிபெருக்கி சொன்ன பிறகு அல்ல. கண் இமைக்கிற நேரம் முன்னால்.

பழக்கதோஷம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான் கத்திரி. ஒவ்வொரு வரியையும் நூறு தடவை சொன்ன மனுஷன், அடுத்த சொல் எது என்று தொண்டைக்கே மனப்பாடம். எதற்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருப்பான் அவன். ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "வயரைப் பாரு," என்பான்.

அக்கா வந்து ஜன்னலைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள்.

குரல் துளியும் குறையவில்லை.

"சுவர் மெலிசு," என்றான் கத்திரி, யாரும் கேட்காமலே.

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு கணவரின் கழுத்தைப் பார்த்தாள். கையிலிருந்த துணியை இரண்டாவது தடவை மடித்துப் பெட்டிக்கு எடுத்துப் போனாள்.

*

பத்து மணிக்கு விழா. முதல் நடைமேடையில் நாற்காலிகள், ஒரு ரிப்பன், ஒரு கத்தரிக்கோல், கைதட்டுவதற்கென்றே வந்த நாற்பது பேர். தலைமை அலுவலகத்து ஆள் பேசினார். பிறகு பொத்தானை அமுக்கினார்.

நாற்பத்தோரு நிலையங்களிலும் ஒரே நொடியில் வெண்கலம் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வெண்கலத்தைத் தவிர.

நேரம் ஆக ஆக ஒரு விஷயம் கத்திரியின் கண்ணில் பட்டது. பாராட்ட வந்தவர்கள் மாமாவின் கையைக் குலுக்கினார்கள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். "பிரமாதம் சார்," என்று அதனிடம் சொன்னார்கள். மாமா பலகையில் 'நன்றி' என்று எழுதிக் காட்டுவதற்குள் நகர்ந்துவிட்டார்கள். டீ கொண்டுவந்தவர் முதல் கோப்பையை ஒலிபெருக்கிக் கம்பத்தின் அடியில் வைத்துவிட்டு, அப்புறம் சுதாரித்து எடுத்து மாமாவிடம் கொடுத்தார்.

"என்னப்பா, ஸ்பீக்கருக்கா டீ?" என்றான் கத்திரி.

"பேசிப் பேசி வறண்டிருக்குமேன்னு நெனச்சிட்டேன்," என்றார் அந்த ஆள். சிரிக்கவில்லை.

இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே சும்மா இருக்கும் நேரத்தில்தான் அது கேட்டது. ஒரு மூச்சு. இழுத்து, நிறுத்தி, விட்டது.

நிலைய அதிகாரி திரும்பிப் பார்த்தார். பருமனான, வியர்க்கிற மனிதர். "அது என்ன சத்தம்?"

"மூச்சு சார்," என்றான் கத்திரி. "அவர் பேசும்போது இடையில வர்ற மூச்சையெல்லாம் நான் வெட்டி எடுத்துத் தனியா வச்சிருப்பேன். ரெண்டு துண்டு ஒட்டாம நின்னா நடுவுல ஒரு மூச்சைப் போடுவோம். அந்தக் கோப்பு தெரியாம திறந்திருக்கும். மூடிட்டு வர்றேன்."

இயந்திர அறைக்குப் போனான். குளிரூட்டிய சின்ன அறை. மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். எண்கள் ஒவ்வொன்றும் மூன்று விதமாக, வாக்கியத்தின் தலைக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. ஊர்ப் பெயர்கள். 'தாமதத்திற்கு வருந்துகிறோம்'. எல்லாம் அவன் கையால் நறுக்கியவை. இருட்டில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வான்.

மூச்சுக் கோப்பு மூடித்தான் இருந்தது. திறந்து பார்த்தான்.

நான்காயிரத்துச் சொச்சம் மூச்சுகள் இருந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை.

"எவனோ கை வச்சிருக்கான்," என்றான் சத்தமாக. அறைச் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. ஒரே சாவி.

*

பதினொன்றரைக்கு மூன்றாவது நடைமேடை.

பெட்டியை மேலே தூக்கி வைத்துவிட்டுக் கத்திரி ஜன்னலோரம் நின்றான். அக்கா உள்ளே உட்கார்ந்து முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். தம்பியிடம் அவள் பேசாமல் இல்லை. வீட்டுக்கு வெளியே பேசினாள்.

"தண்ணி வாங்கட்டுமா?"

"இருக்கு."

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

"பண்றேன். நீ வேளைக்குச் சாப்பிடு. அந்த மனுஷனுக்கு வெந்நீர் வச்சுக் குடு, காரம் சேர்க்காத."

"இவ்வளவு அக்கறை இருக்குல்ல. ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லிட்டுப் போயேன்."

"என் வார்த்தையத்தான் நீயே அழிச்சிட்டியே."

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா."

"தெரியாதுன்னு தெரியும்டா. இல்லன்னா பெட்டியத் தூக்க விட்டிருப்பேனா?" சிரிப்பு வருவதுபோல வந்து, வராமல் போனது. "என் குரல்ல வயசு தெரியுதாம். வயசு ஆனா தெரியத்தான செய்யும். அதை எங்கிட்ட சொல்லியிருந்தா நானே மைக்கைக் குடுத்திருப்பேன். யாருக்கோ எழுதினாரு பாரு."

கத்திரி ஜன்னல் கம்பியில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தான்.

"முதல் நாள் ஞாபகம் இருக்கா?" என்றாள் அக்கா திடீரென்று. "வண்டி வருதுன்னு சொல்லிட்டு இருக்கும்போதே மைக்ல தும்மிட்டேன். ஸ்டேஷனே சிரிச்சுது. அவர் மட்டும் சிரிக்கல. அன்னிக்கு சாயங்காலம் பக்கத்துல வந்து ரகசியமா, 'தும்மல், டீ குடிக்கலாமா'ன்னாரு."

தும்மல். வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர். உலகத்தில் அதை அறிந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் இப்போது படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவந்துகொண்டிருந்தார், பலகை நெஞ்சில் மோத மோத.

யாரோ சொல்லியிருக்க வேண்டும். விழா நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்த கோலத்தில் ஒரு காலில் செருப்பு இல்லை. பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெண்கலம் மார்க்கரைத் திறந்தார். அவசரத்தில் மூடி உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. எழுத ஆரம்பித்தார்.

தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"அனைவரும் கவனிக்கவும். வண்டி எண் நான்கு, ஒன்று, ஏழு, இரண்டு, மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படுகிறது."

அந்த 'புறப்படுகிறது' அவருடைய மகுடம். எண்பது தடவை சொல்லிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த துண்டு. அதில் ஒரு மன்னர் படையை அனுப்புகிற மிடுக்கு இருந்தது. மறுக்க எவனுக்கும் வாய் வராது. வெண்கலம் அண்ணாந்து இரண்டு கைகளையும் அதைப் பார்த்து ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. தெருவில் துரத்தி வரும் நாயை அதட்டுவதுபோல இருந்தது அது. ஒலிபெருக்கி அவரைச் சட்டை செய்யவில்லை.

"வண்டி எண் நான்கு, ஒன்று, ஏழு, இரண்டு, புறப்படுகிறது."

தன் மனைவியைத் தானே அனுப்பிக்கொண்டிருந்தார். நாற்பத்தோரு ஊருக்கும் கேட்க.

வண்டி நகர்ந்தது.

வெண்கலம் கூடவே நடந்தார், ஓடினார். வாயைத் திறந்தார். கத்திரி பக்கத்தில்தான் ஓடினான். அந்த வாய்க்குள் நாக்கு துடித்ததைப் பார்த்தான், கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்ததைப் பார்த்தான். சத்தம் மட்டும் இல்லை. குரல்வளை மேலே ஏறியது. ஏறி, அங்கேயே நின்றது.

ஒலிபெருக்கியில் மூச்சு கேட்டது.

இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு மனிதனின் நெஞ்சு கொள்ளாத மூச்சு அது. கத்திரி வெட்டிப் போட்ட நான்காயிரத்துச் சொச்சத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே மூச்சாக இழுத்தது. கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமும் கிளம்பிப் போய்விட்டன. குழாயடியில் முகம் கழுவியவர் கண்ணில் சோப்போடு அப்படியே நின்றார்.

பிறகு, தாழ்ந்த குரலில்:

"தும்மல். நில்லேன். தயவுசெஞ்சு நில்லேன்."

கத்திரியின் கால் நின்றுவிட்டது. குரல் மாமாவுடையது. ஆனால் மாமா வாழ்நாளில் பேசாத மாமாவின் குரல். தலையும் இல்லை, நடுவும் இல்லை, வாலும் இல்லை. அது கெஞ்சியது.

வண்டி நின்றது.

இந்த வண்டி மட்டும் நின்றிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாற்பத்தோரு நிலையங்களிலும் அந்த நொடி எது ஓடிக்கொண்டிருந்ததோ அது நின்றது. விரைவு வண்டி நின்றது, சரக்கு வண்டி நின்றது, தண்டவாளத்தைப் பழுது பார்க்கிற தள்ளுவண்டிகூட நின்றது. பிற்பாடு ஓட்டுநர்களைக் கேட்டபோது ஒவ்வொருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "என் வீட்டு ஆள் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. கை தானா பிரேக்குக்குப் போயிடுச்சு."

அக்கா கதவருகே வந்து நின்றாள்.

அவளுக்கு நேர் கீழே, நான்கடி தூரத்தில், ஒற்றைச் செருப்போடு வெண்கலம் நின்றுகொண்டிருந்தார். நெஞ்சில் பலகை. அதில் 'நில்' என்று இரண்டே எழுத்து, பலகை முழுவதும். அவர் முகத்தில் வெற்றி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. கூரையிலிருந்து தொங்கிய ஒலிபெருக்கியைப் பார்த்தாள்.

"பதினேழு வருஷத்துல ஒரு தடவை நீ இப்படிப் பேசியிருந்தா," என்றாள் அதனிடம், "நான் எதுக்கு வண்டி ஏறப் போறேன்?"

நீ என்றாள். கணவரை ஒருநாளும் நீங்க என்பதைத் தவிர வேறு சொல்லாதவள்.

ஒலிபெருக்கி பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்டுக்கொண்டிருந்தது என்பதில் அந்த நடைமேடையில் நின்ற ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

"உனக்குப் போறதச் சொல்லத்தான் தெரியும்," என்றாள் அக்கா. "வர்றதச் சொல்லக் கத்துக்கோ. கத்துக்கிட்டுக் கூப்பிடு. வர்றேன்."

வெண்கலம் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அவள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். யாரும் கொடி காட்டாமலே வண்டி கிளம்பியது.

*

பிற்பகல் ஒன்றரை மணி. நிலைய அதிகாரியின் அறை. மேஜையில் மூன்று தொலைபேசிகள், மூன்றின் ரிசீவரும் எடுத்துக் கீழே வைக்கப்பட்டிருந்தன. நாற்பது நிலையங்களிலிருந்தும் தும்மல் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"இயந்திரம் பேசினதெல்லாம் இதுல பதிவாகும்ல?" அதிகாரி ஒரு நீளக் காகிதத்தை இழுத்துப் போட்டார். "பதினொண்ணு நாப்பது, புறப்பாடு. பதினொண்ணு நாப்பத்தொண்ணு, புறப்பாடு. நாப்பத்திரண்டுல பாரு. வெறும் வெள்ளை. அது பேசவே இல்லைங்குது. ஊர் பூரா கேட்டிருக்கு."

கத்திரி காகிதத்தைப் பார்த்தான். மூலையில் நாற்காலியில் மாமா. விழாச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"நான் நேராவே சொல்றேன் தம்பி. அறிக்கை ஒண்ணு எழுதணும், நீதான் எழுதணும். 'விளையாட்டுக்கு ஒரு துண்டைச் சேர்த்துட்டேன், என் தப்பு'ன்னு எழுதினா உன் வேலை போகும். குரல் இருக்கும். 'என் துண்டு இல்ல'ன்னு எழுதினா, இயந்திரம் தானா பேசுதுன்னு அர்த்தம். தலைமை அலுவலகத்துல பயந்து மொத்தக் குரலையும் அழிக்கச் சொல்லுவாங்க. வியாழக்கிழமைக்குள்ள. அழிக்கிற ஆளும் நீதான், சாவி உங்கிட்டதான இருக்கு."

வெளியே ஒலிபெருக்கி மெல்லப் பேசியது. "வருகிறது."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டரை வரைக்கும் வண்டியே கிடையாது. எது வருகிறதுங்குது?"

"வருகிறது," என்றது மறுபடி. நிறுத்தியது. மூச்சு வாங்கியது. "வருகிறது."

கத்திரி காதைத் தீட்டினான். தொழில் செய்த காது. முதல் 'வருகிறது' வழக்கம்போலக் கீழே விழுந்தது. இரண்டாவது விழவில்லை, தட்டையாக நின்றது. மூன்றாவதில், கடைசி எழுத்தில், நூலிழையில் பாதி மேலே தூக்கியது. இப்படி ஒன்றை அவன் வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

அது பழகிக்கொண்டிருந்தது.

"சார், என் தப்புன்னே எழுதிடறேன்," என்றான் கத்திரி. குரல் அவசரமாக வந்தது. "வேலை போனா போகுது. துண்டு மாறிப்போச்சுன்னு எழுதறேன். மாமா, கேக்குதா? அது கத்துக்குது. இன்னும் நாலு நாள் விட்டா வந்துரும். அக்கா வந்துருவா."

வெண்கலம் எழுந்தார். ஜன்னலுக்குப் போனார். ஒலிபெருக்கியை வெகுநேரம் பார்த்தார். அதைப் பார்த்த பார்வையைக் கத்திரி அதற்குமுன் ஒரே ஒரு தடவை கண்டிருக்கிறான், யாரோ ஒரு பயணி 'அந்த அம்மா குரல்தான் சார் எங்களுக்கு இஷ்டம்' என்று சொன்ன அன்று.

மார்க்கர் கிறீச்சிட்டது.

'அவ அதுகிட்டப் பேசினா. என்கிட்டப் பேசல.'

"அது நீங்கதான் மாமா."

அழித்தார்.

'உண்மையை எழுது.'

"எழுதினா அழிச்சிருவாங்க. உங்களுக்கு மிச்சம் இருக்கிறதே அது ஒண்ணுதான். அக்காவக் கூப்பிட வேற வாய் கிடையாது."

அழித்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மேஜையில் தட்டுகள் அதிர உட்கார்ந்திருந்த அதே பழைய வெண்கலமாக, பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எழுதினார்.

'ஓடுற வண்டி நின்னுச்சா இல்லையா?'

அதை அதிகாரியின் மூக்குக்கு நேரே ஒரு தடவை காட்டினார். பிறகு மைத்துனனிடம் திருப்பினார். கண்கள் பளபளத்தன. கைதட்டல் கட்டாயம் விழும் என்ற நம்பிக்கையோடு ஒரு மனிதன் காத்திருப்பதைப் போல இருந்தது. உலகத்தில் இந்த ஒரு ஆள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு என்ன விலை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பலகையை இறக்கவில்லை.

"வருகிறது," என்றது வெளியே. கிட்டத்தட்ட அக்கா சொல்வதைப் போல.

கத்திரி பேனாவை எடுத்தான். துண்டு மாறியது என்று எழுதக் கையை வைத்தான். மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டையும் மனத்துக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். தும்மல் இல்லை. நில்லேன் இல்லை. தயவு என்ற சொல்லே அந்த மனிதன் பதிவு செய்ததில்லை. எத்தனை வயரைப் பிடித்துப் பார்த்தாலும் அது இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தவனுக்கு, கடைசியில் கையில் இருந்தது அவன் கண்ணால் பார்த்தது மட்டும்தான்.

எழுதினான். மூன்று வரி. கையெழுத்துப் போட்டு அதிகாரியின் பக்கம் தள்ளினான்.

வெளியே ஒலிபெருக்கி பாதிச் சொல்லில் நின்றது.

"நின்னுச்சு மாமா," என்றான் கத்திரி, தலை நிமிராமல். "என் துண்டு இல்ல அது. நீங்க சொன்னீங்க, வண்டி நின்னுச்சு. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."